தீப்பெட்டிப் படங்கள்

விழுப்புரம் சந்திப்பில் தெற்கேயிருந்து வரும் வண்டிகள் நின்று புறப்பட்ட பின், தண்டவாள ஓரத்தில் காலித் தீப்பெட்டிகள் கிடக்கும். சிறுவயதில் அவற்றைப் பொறுக்கச் சென்று நாம் தந்தையாரிடம் அடி வாங்கியதும் உண்டு. கப்பல், மயில், சிறுத்தையோடு மனிதன் மல்லுக்கு நிற்கும் ‘சீட்டா ஃபைட்’ ஆகியவை அந்நாளில் நம் செல்வங்கள். எங்கும் கிடைக்கும் கப்பலுக்குச் சிறுவரிடையே மதிப்புக் குறைவு. ஊர் பேர் அறியாத பெட்டிக்கே மதிப்பு.

ஜப்பானியச் சிறுவரும் இவ்வாறே படம் சேர்த்தனர். ‘மென்கோ’ எனும் தடித்த அட்டையைத் தரையில் ஓங்கியடித்து, எதிராளியின் அட்டையைப் புரட்டிவிட்டால் அதை வென்றெடுப்பர். சுமோ மல்லர்களின் படங்கள் அவற்றில் ஏராளம். மல்லரின் பட்டத்தைக் கொண்டே அட்டையின் காலத்தைக் கணிக்கலாம். 32 முறை வாகை சூடிய தைஹோ, ‘யோக்கோசுனா’ எனும் உச்சப் பட்டத்தை 1961இல்தான் பெற்றார். அப்பட்டத்துடன் அவர் படம் இருப்பின், அட்டை அதற்கு முற்பட்டதன்று.

நம் தீப்பெட்டிகளுக்கும் இத்தகைய வழிகள் உண்டு. சுவீடன், ஜப்பான் பெயர்களைத் தாங்கியவை இறக்குமதிக் காலத்தவை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய பின்னரே சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றிற்று. விலை ‘நயா பைசா’ என்றிருப்பின் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. குருமடத்தில் மறைநூற் கையெழுத்துப் படிகளின் காலத்தைக் கணிக்கும் முறையைக் கற்றபோது, அது தீப்பெட்டிக்கு உதவுமென நாம் எண்ணியதில்லை!

படத்தை நீரில் ஊறவைத்துப் பிரிப்பதே சேகரிப்போர் வழக்கம். நாமோ பொறுமையின்றிப் பெட்டியின் முகப்பையே மரச்சீவலோடு வெட்டி ஏட்டில் ஒட்டிவந்தோம். அக்குறையே பின்னர் நமக்கு உண்மையைக் காட்டிற்று.

திண்டிவனத்தில் ஒருநாள், பேரனின் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டு முதிய அம்மையார் ஒருவர் வந்தார். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். மேசைமீது ஏடு திறந்திருந்தது. நாம் சான்றிதழை எழுதி முடிப்பதற்குள் அவர் ஒரு படத்தின்மேல் விரலை வைத்துவிட்டார்.

“சாமி, இது மிசின்ல ஓடுனதில்ல. தீப்பெட்டி ஆபீசுல புள்ளைக ஒட்டுனது.”

“எப்படியம்மா தெரியும்?”

“பாருங்க, படம் கோணலா இருக்கு. பசை காயுமுன்ன பட்ட கட்டைவெரல் தடம். பெரியாளு வெரலா இது?”

சிறிய தடந்தான். பல்லாண்டுகளாக அதை அழுக்கென்றே எண்ணியிருந்தோம். அத்தகைய படங்களைத் தரங்குறைந்தவை என ஏட்டின் பின்பக்கங்களுக்குத் தள்ளி, பொறியில் ஒட்டிய சுத்தமான படங்களை முன்னே வைத்திருந்தோம்.

எட்டு வயதில் வேலைக்குச் சென்றாராம். விடியுமுன் மூன்று மணிக்கே ஊருக்குள் வண்டி வந்துவிடும். உறங்கும் பிள்ளைகளைத் தாய்மார் தூக்கி ஏற்றிவிடுவர். கூலி குரோசுக் கணக்கு. 144 பெட்டிகள் ஒரு குரோசு. 1986இன் சட்டம் தீப்பெட்டித் தொழிலில் சிறுவரை அமர்த்தத் தடை விதித்ததும், சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளிகள் நலநிதிக்குச் செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்ததும் நாம் படித்தறிந்தவையே. ஆனால் அச்செய்திகளையும் நம் ஏட்டையும் ஒருமுறையேனும் இணைத்துப் பார்த்தோமில்லை.

அம்மையார் ஏட்டை இறுதிவரை புரட்டினார்.

“மொத்தம் எத்தனை சாமி இருக்கும்?”

“ஏறக்குறைய முந்நூறு. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்த்தவை, அம்மா.”

அவர் வாய்க்குள் கணக்கிட்டார். “ரெண்டு குரோசு. கஞ்சி குடிக்குமுன்ன ஒட்டி முடிச்சிருவோம்” என்று கூறிவிட்டுச் சான்றிதழை முந்தானையில் முடிந்துகொண்டார்.