வலிக்கும் காலுக்கு நடையே மருந்து



பள்ளிவாசலை நோக்கி எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை எழுதப்படுகிறது என்று மத்ரஸாவில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். பனூ ஸலமா குலத்தார் பள்ளிக்கு அருகில் குடிபெயர விரும்பியபோது, நபி (ஸல்) அவர்கள் அவர்களை இருந்த இடத்திலேயே இருக்கச் சொன்னதும் இதனால்தான். ஆனால் அந்த அடிகளை எடுத்து வைக்க இயலாத முதியவர்களும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். என் அத்தா அவர்களுள் ஒருவர்.

எழுபதைக் கடந்த அவருக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய் உண்டு. இளமையில் பீடிப் பழக்கமும் இருந்தது. பள்ளிக்குச் செல்லும் வழியில் கெண்டைக்கால் இறுகி வலிக்கும். நின்றால் சில நிமிடங்களில் அடங்கும். நடந்தால் மீண்டும் வரும். வலியை மறைக்க, ஏதோ வாங்க வந்தவர்போல் கடை வாசலில் நிற்பார். பின்னர் ஜமாஅத்துக்குச் செல்வதையே நிறுத்திவிட்டார். வயதின் தளர்ச்சி என்றே பலரும் கூறினர். மருத்துவர் கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டார். காலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகள் கொழுப்புப் படிந்து குறுகியுள்ளன, இது புறத்தமனி நோய் என்றார். மாத்திரைகளோடு, தவறாமல் நடக்க வேண்டும் என்றும் சொன்னார்.

நலம் விசாரிக்க வந்த உறவினர்களோ, "வலிக்கிற காலோடு நடப்பதா? பேசாமல் உட்காருங்கள்" என்றனர். அன்பினால் சொன்ன சொல்தான். ஆனால் இந்நோயில் உட்கார உட்காரக் கால் மேலும் வலுவிழக்கிறது. நடை அடைப்பைக் கரைப்பதில்லை. கிடைக்கும் இரத்தத்தைக் கொண்டு கூடுதலாக உழைக்கத் தசையைப் பழக்குகிறது. வீட்டிலிருந்தே ஓராண்டு நடைப்பயிற்சி செய்தவர்களைப் பற்றிய அமெரிக்க ஆய்வொன்று 2021இல் வெளியானது. வலி தோன்றுமளவு விரைந்து நடந்தவர்களே, வலியின்றி மெல்ல நடந்தவர்களைவிட நன்கு முன்னேறியிருந்தனர்.

அத்தா அஸருக்குப் பின் முன்கூடத்திலிருந்து கொல்லை வரை நடந்தார். இரு முனையிலும் ஒரு நாற்காலி. வலி ஓரளவு கடுமையானதும் அமர்வார். முற்றிலும் அடங்கியதும் எழுந்து நடப்பார். ஓய்வைச் சேர்க்காமல் முதலில் பத்து நிமிட நடை. வாரந்தோறும் சிறிது கூட்டி, முப்பது நிமிடத்திற்கு மேல் கொண்டு சென்றார். வாரத்தில் ஐந்து நாள். பேத்தி ஒரு நோட்டில் நிமிடங்களைக் குறித்து வந்தாள். முதல் மாதம் பெரிய மாற்றம் தெரியவில்லை. மூன்று மாதம் நிறைவுற்றபோது, வழியில் ஒருமுறை மட்டும் நின்று மஃரிப் ஜமாஅத்தில் கலந்துகொண்டார். அல்ஹம்துலில்லாஹ்!

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இயலாதவர் வீட்டில் தொழலாம், அமர்ந்தும் தொழலாம். இது அல்லாஹ் வழங்கிய சலுகை; அதை ஏற்பதில் குறையேதும் இல்லை. ஆனால் அச்சலுகை தொழுகைக்கு உரியது. மருத்துவத்தைக் கைவிடுவதற்கு உரியதன்று. உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். நோய்க்கு மருந்து தேடுவது நபிவழி.

நடையைத் தொடங்குமுன் மருத்துவரின் அனுமதி அவசியம். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவ உதவி பெறுங்கள். ஓய்விலும் கால் வலித்தால், திடீரெனக் கால் குளிர்ந்து வெளுத்தால், விரல் கறுத்தால், புண் ஆறாதிருந்தால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சர்க்கரை நோயால் உணர்வு குன்றிய கால்களில் காயம் பட்டாலும் தெரியாது. எனவே உளூச் செய்யும்போது விரல் இடுக்குகளைக் கோதிக் கழுவுவதோடு, நாளுக்கு ஒருமுறையேனும் பாதத்தைக் கண்ணால் பாருங்கள். பின் ஈரம் போகத் துடையுங்கள். புகைப்பவர்கள் இன்றே விட்டுவிடுங்கள்.

பெற்றோரை அமர வைத்துப் பணிவிடை செய்வது நற்செயலே. இந்நோய் உள்ள பெற்றோரோடு எழுந்து பத்து நிமிடம் நடப்பதும், அவர்கள் அமரும்போது அருகில் காத்திருப்பதும் அதைவிடப் பயனுள்ள பணிவிடை. நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் நிறைவான ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.