தச்சர் சொன்ன எட்டடி

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகள் என்றாலே எல்லோரும் குடவோலையைத்தான் சொல்வார்கள். குடவோலையைச் சொல்லும் கல்வெட்டுகள் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. வாரியத்துக்குப் பெயர் எழுதப்படுகிறவர் சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும் என்பதும் அவை சொல்லும் தகுதிகளில் ஒன்று. அந்த ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தில், வீட்டையும் கொல்லையையும் சேர்க்கிற தாழ்வார வேலையைப் பார்க்கப் போயிருந்தேன்.

மேற்குப் பார்த்த தளம் போட்ட வீடு. பின்கதவைத் திறந்து மூன்று படி இறங்கினால் கட்டாந்தரை வெயில். கிணறு, துவைக்கிற கல், முருங்கை, வாழை எல்லாம் அங்கேதான். "சமைக்கிற நேரம் போக நான் இருக்கறது கொல்லையிலதான்" என்றார் வீட்டுக்கார அம்மா. அவர் கேட்டது பன்னிரண்டடி அகலம்.

தச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஓட்டுக்கு ரெண்டடிக்கு ஓரடி வாட்டம் வேணும்மா. பன்னெண்டு போனா ஆறடி இறங்கிடும். அப்புறம் குனிஞ்சுதான் தோட்டத்துக்குப் போவணும்."

கைமரம் சுவரில் தொடங்கும் உயரம் பத்தடி. தச்சர் சொன்னபடி இறவாணம் வரை எட்டடி ஓடினால் ஓரம் ஆறடியில் நிற்கும். அதுவும் தாழ்வுதானே என்றேன். மேஸ்திரி தரையைக் காட்டினார். தாழ்வாரத் தரையை வீட்டுத் தரையைவிட அரையடி இறக்கினால் ஆறரையடி கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கேயிருந்து சாரல் அடித்தாலும் தண்ணீர் வீட்டுக்குள் ஏறாது. கையில் வரைபடம் எதுவும் இல்லை. கொல்லையில் நின்றபடியே போட்ட கணக்கு. ஷீட் போட்டால் இவ்வளவு வாட்டம் வேண்டாம், அகலமும் கிடைக்கும். ஆனால் சித்திரை வெயிலில் அதன் கீழே யார் உட்காருவது?

ஓடு, பழைய வீடு இடித்த இடத்தில் வாங்கிய மங்களூர் ஓடு. 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் வழியாகப் பரவிய வகை. ரீப்பர் அடிக்குமுன் தச்சர் இரண்டு ஓடுகளைக் கோத்துப் பார்த்து, அந்த இடைவெளிக்கு ஒரு குச்சியை வெட்டிக்கொண்டார். டேப் இடுப்பிலேயே இருந்தது. வாங்கும் ஓட்டைப் பொறுத்து நீளம் கொஞ்சம் மாறும், அதனால் குச்சிதான் சரி என்றார்.

கீழே சித்தாள் அக்கா ஒவ்வொரு ஓட்டையும் விரல் கணுவால் தட்டிக் கேட்டு மேலே கொடுத்தார். கணீரென்று ஒலித்தால் கூரைக்கு. மந்தமாக ஒலித்தால் விரிசல், தனியே. கண்ணுக்கு நல்லதாகத் தெரிந்த ஓடுகள் சிலவும் அப்படிக் கழிந்தன. கூரை ஒழுகாமல் இருப்பதில் அந்தக் காதுக்குப் பெரிய பங்கு உண்டு. அவருக்குக் கூலியோ ஆண்களைவிடக் குறைவு. இது நியாயமே இல்லை.

தச்சரின் மகன் ஓட்டு வேலைக்கு வராமல் கான்கிரீட் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறான். அதில்தான் தொடர்ந்து வேலை கிடைக்கிறதாம். பின்பக்கம் தாழ்வாரம் இறக்க நினைப்பவர்கள், கடைக்கால் தோண்டுமுன் ஓட்டு வேலை தெரிந்த தச்சரைக் கூட்டி வந்து கொல்லையில் நிறுத்துங்கள். அகலத்தை அவர் சொல்லட்டும். சித்தாளுக்கும் சரியான கூலியைப் பேசிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.