எட்டு மீட்டர் படிகள்

மார்ச் 18, 2020

கொரோனாவால் ஹாஸ்டலைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சென்னையிலிருந்து வத்தலக்குண்டு, அங்கிருந்து மலைப்பாதை. கடைசி வளைவு வரை லேப்டாப் பையை மடியிலேயே வைத்திருந்தேன். பூம்பாறையில் இறங்கும்போது இருட்டிவிட்டது. மாதக் கடைசியில் திரும்பிவிடுவேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

மார்ச் 24

மாலை ஆறு மணியிலிருந்து 144 தடையுத்தரவு. இப்போதைக்குத் திரும்புவதற்கில்லை.

மார்ச் 29

மூன்றாம் ஆண்டு கேம் புராஜெக்டுக்கு நான் எடுத்துக்கொண்டது இந்த மலைதான். பழனி மலைத்தொடர் முழுவதையும் ஆட்டக்காரர் நடந்து பார்க்கலாம். பூம்பாறை அதில் ஒரு கட்டம். மலையின் உயரங்களை நான் அளக்க வேண்டியதில்லை. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் பதினொரு நாள் பூமியைச் சுற்றி ரேடாரால் அளந்த தரவு எல்லோருக்கும் கிடைக்கிறது. ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. அதைச் சாம்பல் நிறப் படமாக்கிக் கேம் இன்ஜினுக்குள் கொடுத்தால் மலை எழுந்து நிற்கும்.

இன்று எழுந்து நின்றது. மலைத்தொடர் முழுவதும் படிக்கட்டாக. ஒருகணம் நெஞ்சு அடைத்தது. ஜன்னலுக்கு வெளியே தெரியும், படிப்படியாகப் பாத்தி கட்டிய எங்கள் சரிவைப் போலவே இருந்தது. பிறகுதான் புரிந்தது, அது பிழை. படத்தை 8 பிட்டில் சேமித்திருக்கிறேன். அதில் இருப்பவை 256 உயரங்கள் மட்டுமே. அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஏறக்குறைய 2,000 மீட்டரை 256-ஆகப் பங்கிட்டால் ஒரு படி எட்டு மீட்டர். 16 பிட்டுக்கு மாற்றினேன். 65,536 உயரங்கள், படிக்கு மூன்று சென்டிமீட்டர். மலை வழுவழுப்பாகிவிட்டது.

பூம்பாறையைத் தேடிப் போய்ப் பார்த்தேன். வெறும் சரிவு. முப்பது மீட்டர் இடைவெளியில் எங்கள் பாத்திகள் ஐந்தாறு காணாமல் போய்விடும். பொய்ப் படிகளை அழித்தேன். மெய்யான படிகள் அதில் எப்போதுமே இருந்ததில்லை.

ஏப்ரல் 5

பிரதமர் கேட்டுக்கொண்டபடி இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கு. ஊர் முழுக்க மேலும் கீழுமாகச் சின்னச் சின்ன வெளிச்சம். பயமாகவும் இருந்தது, அழகாகவும் இருந்தது.

ஏப்ரல் 11

போன போகத்துப் பூண்டு பரணில் கிடக்கிறது. வடுகபட்டிச் சந்தைக்கு ஏற்றிப்போக வண்டி கிடைக்கவில்லை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது சென்ற ஆண்டுதான். அப்பா அந்தச் செய்தித்தாளை மடித்து வைத்திருக்கிறார். அடுத்த தவணை ஃபீஸ் அந்தப் பரணில்தான் இருக்கிறது.

மாமா வந்தார். "ஏம்மா, வெளையாட்டப் படிக்கவா இம்புட்டுக் காசு?" என்றார். நான் வாய் திறக்கவில்லை. படுத்தபிறகு பதில்கள் வரிசையாக வந்தன. திரையில் ஒரு கதாபாத்திரம் தலையைத் திருப்ப நாலு எண்களாலான குவாட்டர்னியன் கணக்கு வேண்டும். வினாடிக்கு 60 படம் காட்ட, ஒவ்வொரு படத்துக்கும் 16.67 மில்லி வினாடிதான் கிடைக்கும். அதற்குள் இயற்பியல், மோதல், ஒளி, நிழல் எல்லாம் முடிந்தாக வேண்டும். இதைச் சொல்லியிருந்தால் மட்டும் வண்டி வந்திருக்குமா?

ஏப்ரல் 12

லேப்டாப்பைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 20

கோடை மழையில் மேல்பாத்திக் கல்லுக்கட்டு சரிந்துவிட்டது. ஆன்லைன் வகுப்புக்கு சிக்னல் தேடி மன்னவனூர் ரோட்டு வளைவுக்குப் போகிற வழியில்தான் அது. அப்பா தனியாகக் கல் சுமந்துகொண்டிருந்தார். வகுப்பை விட்டுவிட்டேன்.

சிமெண்டு கிடையாது, நூல் பிடிப்பது கிடையாது. ஒவ்வொரு கல்லையும் கையில் புரட்டிப் பார்க்கிறார். "கல்லுக்கு மொகம் இருக்கு தாயி. மொகம் வெளிய பாக்கணும், வாலு மண்ணுக்குள்ள போகணும்." நான் வைத்த இரண்டு கல்லை எடுத்துத் திருப்பி வைத்தார். இடையில் சந்தே இல்லாமல் அடைத்தேன், அதையும் பிரித்தார். "தண்ணி போக வழி விடு. இல்லேன்னா செவரு வயிறு தள்ளிரும்."

மேலே ஏற, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கற்களில் கால் வைத்தார். நாலு கல், நாலு எட்டு. பார்க்காமலே ஏறினார். என் இன்ஜினில் கதாபாத்திரம் ஏறக்கூடிய படியின் உயரம் 0.3 மீட்டர், சரிவு 45 டிகிரி என்று முன்பே எழுதியிருக்கும். அதை நான் மாற்றியதே இல்லை. அந்தத் திரை மனிதன் இந்தச் சுவரடிக்கு வந்தால் நின்றுவிடுவான்.

இதை யார் கட்டியது என்று கேட்டேன். "தாத்தாவுக்கு முந்தியே இருக்கு. சரிஞ்சத நாங்க எடுத்துக் கட்டுவோம்."

ஏப்ரல் 21

உள்ளங்கை கொப்புளம். தட்டச்சு செய்ய முடியவில்லை.

மே 3

ஆசிரியரிடம் போனில் பேசினேன். சரிவை இன்ஜினே தானாகப் படியாக்கும்படி ஒரு புரோகிராம் எழுதிவிடு, ஒரே நாளில் முடியும் என்றார். எழுதினேன், முடிந்தது. எல்லாச் சுவரும் ஒரே உயரம், ஒரே வளைவு. அப்பாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "நல்லாருக்கு. எந்த ஊரு?" என்றார்.

மே 17

புரோகிராம் போட்ட படிகளை அழித்துவிட்டேன். அம்மாவின் தையல் டேப்பை வாங்கிக்கொண்டு கீழிருந்து தொடங்கினேன். எங்கள் சரிவில் 37 கல்லுக்கட்டு. ஒவ்வொன்றின் உயரத்தையும் நீட்டுக்கல் இருக்கும் இடத்தையும் நோட்டில் எழுதிக் கையாலேயே ஏற்றுகிறேன். இதுவரை ஒன்பது ஏறியிருக்கிறது. புராஜெக்ட் எப்போது தர வேண்டும், தேர்வு உண்டா என்பது பற்றி எந்தத் தகவலும் இல்லை.

மாலையில் நல்ல மழை. நாங்கள் திரும்பக் கட்டிய சுவர் சரியாமல் நின்றது. பூண்டு இன்னும் பரணில்தான் இருக்கிறது.