சாக்குத் திரை

ஆகஸ்ட் 11, 2025. திங்கள்

டெல்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும், மறுபடி தெருவில் விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. தண்ணீர் கேன் போட வந்தவர் சொன்னார்: "நல்லதுதானே சார், நேரத்துக்குச் சோறு, வண்டியில அடிபடாது." பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவருடைய கேன் உருண்ட சத்தத்துக்கு எங்கள் காப்பகத்தின் எண்பது நாய்களும் குரைக்க ஆரம்பித்துவிட்டன. நான் சொன்னது அவர் காதில் விழவில்லை.

தகரக் கூரை, சிமெண்ட் தரை, கம்பிக் கதவு. சத்தம் எதில் பட்டாலும் திரும்பி வருகிறது. நாய்க் காப்பகங்களில் 100 டெசிபெலுக்கு மேல் அளந்திருக்கிறார்கள். நமக்காவது காதைப் பொத்திக்கொள்ளக் கை இருக்கிறது.

ஆகஸ்ட் 13. புதன்

14ஆம் கூண்டுக் கருப்பிக்கு இது மூன்றாம் நாள். புறநகரில் ஒரு டீக்கடை வாசலில் வளர்ந்தவள். மேம்பால வேலையில் கடை போயிற்று. இவள் காலில் அடியோடு இங்கே வந்தாள். குரைப்பதில்லை. புதிதாகச் சேர்ந்த கல்லூரிப் பெண் "சமத்து" என்று கொஞ்சினாள்.

சமத்தெல்லாம் இல்லை. தூக்கம் வராமலே கொட்டாவி விடுகிறாள். வெறும் வாயை நக்கிக்கொண்டே இருக்கிறாள். ஆள் நகர்ந்த பிறகுதான் தட்டில் வாய் வைக்கிறாள். படுக்கிற இடத்தில் மூத்திரம் போக மனமில்லாமல், காலையில் வெளியே விடும்வரை அடக்கிக்கொண்டு கிடக்கிறாள். குரைக்கிற நாயைப் பற்றி அக்கம்பக்கத்தார் புகார் செய்வார்கள். மூலையில் சுருண்டு கிடப்பதைப் பற்றி யார் செய்வார்கள்?

அமெரிக்காவின் ஒஹையோவில் காப்பக நாய்களின் ரத்தத்தைச் சோதித்து 1997இல் எழுதியிருக்கிறார்கள். மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால், வந்து மூன்று நாள்கூட ஆகாதவற்றுக்கு அதிகம். ஒன்பது நாளைத் தாண்டியவற்றுக்குக் குறைவு. பழகிவிட்டன என்று எடுத்துக்கொள்ளலாம். சில நாய்களைப் பார்க்கும்போது, ஓய்ந்துவிட்டன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆகஸ்ட் 17. ஞாயிறு

கூண்டு கழுவும் அக்கா அரிசிச் சாக்கைப் பிரித்து 14இன் கதவில் பாதி உயரத்துக்குக் கட்டினார். "எதிர்வீட்டுக்காரன் ராவும் பகலும் உங்க வீட்டையே பாத்துக்கிட்டு நின்னா உங்களுக்குத் தூக்கம் வருமா சார்?" கூண்டுகளைப் பெரிதாக்க நாங்கள் இரண்டு வருடமாகப் பணம் திரட்டுகிறோம். இது யாருக்கும் தோன்றவில்லை. தத்தெடுக்க வந்த குடும்பங்களுக்குத்தான் குறை: நாய் கண்ணில் படவில்லையாம். சாக்குக்குப் பின்னால் கருப்பி முதல்முறையாகக் காலை நீட்டிப் படுத்திருந்தாள்.

ஆகஸ்ட் 22. வெள்ளி

உத்தரவு மாறிவிட்டது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு.

நேற்றிரவு கருப்பியை வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தேன். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இப்படி ஓரிரு இரவு வெளியே தங்கவைத்துப் பார்த்திருக்கிறார்கள்; அப்போது கார்டிசால் இறங்குகிறது, திரும்பியதும் பழைய அளவுக்கே ஏறிவிடுகிறது. தெரிந்துதான் கூட்டிவந்தேன். தையல் மிஷினுக்கு அடியில் ஒன்பது மணிக்குப் படுத்தவள், காலையில் பால்காரர் மணியடித்தும் எழவில்லை.

ஆட்டோவில் திரும்பினோம். டீக்கடை இருந்த திருப்பம் வந்ததும் எழுந்து, முன்கால்களைக் கம்பியில் ஊன்றி நின்றாள். அங்கே இப்போது தகரத் தடுப்பும் பள்ளமும்தான். "யாராவது நிக்கிறாங்களா சார்?" என்று வண்டியை மெதுவாக்கினார் ஆட்டோக்காரர்.