மெல்லக் கசியும் காற்று

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தை மோட்டார் வண்டிகளின் தாய்வீடு என்று சொன்னால் மிகையாகாது. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் 1998-ஆம் ஆண்டில் கார் உற்பத்தி தொடங்கிற்று. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது; அதே ஆண்டில் அப்போலோ டயர் ஆலையும் அங்கே வேலையைத் தொடங்கியது. 2020-இல் ஸ்ரீபெரும்புதூரருகே சியட் நிறுவனமும் டயர் செய்ய வந்து சேர்ந்தது. வண்டியும் இங்கே பிறக்கிறது. அதன் காலணியும் இங்கேயே தைக்கப்படுகிறது. ஆயினும் சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் பஞ்சர் கடைக்காரருக்கு ஓய்வென்பது இல்லை. பார வண்டிகள் சிந்திச் செல்லும் ஆணியும் திருகும் இரும்புச் சுருளும் அவருக்குப் படியளக்கின்றன.

ஆணி குத்தி ஒரே மூச்சில் காற்று இறங்கிவிட்டால் அதில் மர்மம் எதுவுமில்லை. வண்டி நின்றுவிடும், நாமும் இறங்கிப் பார்த்துத்தான் ஆகவேண்டும். நாம் இங்கே எழுத முற்பட்டது வேறொரு நோயைப் பற்றி. ஞாயிறன்று நிரப்பிய காற்று அடுத்த ஞாயிறுக்குள் கால் பங்கு குறைந்துவிடும். வண்டியோ தடையின்றி ஓடிக்கொண்டிருக்கும். கண்ணுக்கும் பெரிதாக ஒன்றும் தெரியாது.

நமது பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், உதிரிப் பாகங்கள் செய்யும் ஆலையொன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. பழைய கார் ஒன்றை வாங்கி, மந்திரித்துத் தரவேண்டுமென்று கோவில் வாசலுக்குக் கொண்டுவந்தார். சில மாதங்கள் சென்றன. ஒரு நாள் பூசை முடிந்து பேசிக்கொண்டிருக்கையில், இடப்புறப் பின்சக்கரம் வாரந்தோறும் இளைத்துப்போகிறது என்றார். பூசைக்கு வரும் வழியில் பெட்ரோல் பங்கில் 33 பவுண்டு நிரப்புவாராம். மறுவாரம் அது 25-க்கு இறங்கியிருக்குமாம். "நாலைந்து மாதமாக இப்படித்தான் ஓடுகிறது, ஃபாதர். காற்றுக்கு என்ன காசா பணமா?" என்று சிரித்தார். அவர் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்ததும் தஞ்சைப் பக்கமுள்ள தாய்வீட்டுக்கு அவ்வண்டியிலேயே அழைத்துப்போக வேண்டும். வைகாசி வெயில், முந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நெடுஞ்சாலைப் பயணம். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

காற்றுக் குறைந்த டயர் ஏன் அஞ்சத்தக்கது என்பதைப் பலர் அறியார். வண்டியின் பாரத்தைத் தாங்குவது ரப்பர் அன்று, உள்ளே அடைபட்ட காற்றுதான். அது குறையும்போது டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கிறது. மடங்குவதால் சூடேறுகிறது. சூட்டினால் ரப்பருக்கும் அதனுள் பொதிந்த நூலிழைகளுக்கும் உள்ள பிடிப்பு தளர்கிறது. உள்ளூர்த் தெருக்களில் மெதுவாகப் போகையில் இக்கேடு வெளிப்படுவதில்லை. ஆட்களும் மூட்டைகளும் நிறைந்து, நண்பகலில், வேகமாகச் செல்லும்போதுதான் டயர் வெடிக்கிறது.

எல்லா டயரும் சிறிதளவு காற்றை இழக்கத்தான் செய்யும். ரப்பரின் நுண்துளைகள் வழியாகக் காற்று ஊறி வெளியேறும். இதைக் குறைப்பதற்காகவே டியூப் இல்லாத டயரின் உட்புறத்தில் பியூட்டைல் வகை ரப்பரால் ஒரு பூச்சு வைக்கிறார்கள். அவ்வாறிருந்தும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பவுண்டு குறைவது இயல்பு. குளிரும் தன் பங்கைச் செய்யும். வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறைந்தால் ஒரு பவுண்டு குறையும். மே மாதப் பிற்பகலில் அளந்ததை மார்கழி விடியலில் அளந்ததோடு ஒப்பிட்டு, ஓட்டை இருக்கிறதென்று மயங்குவோர் உண்டு. ஆதலால் வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கையில் அளக்கவேண்டும். நான்கு சக்கரங்களும் ஒன்றுபோல் சற்றே குறைந்தால் அது நோயன்று. ஒன்று மட்டும் வாரத்துக்கு எட்டுப் பவுண்டு இழக்குமானால் அதற்கென்று ஒரு காரணம் இருந்தே தீரும்.

குருமடத்தில் தத்துவம் பயின்ற காலத்தில், விளைவைக் கண்டால் காரணத்தைத் தேடு என்று ஓயாமல் சொல்லிக்கொடுத்தார்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முப்பதாண்டுக் காலம் உட்கார்ந்த பின் அதன் அருமை விளங்குகிறது. வாராவாரம் அதே பாவத்தைச் சொல்லி, அதே மன்னிப்பைப் பெற்று, அது எந்த வாசல் வழியாக உள்ளே நுழைகிறது என்று ஒரு முறையும் பாராத நல்லவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! நிற்க, நாம் டயருக்குத் திரும்புவோம்.

இளைஞர் முன்பே இரண்டு கடைகளில் காட்டியிருந்தார். இருவரும் டயரின் மேற்புறத்தைத் தடவிப் பார்த்து, ஆணி இல்லை என்று அனுப்பிவிட்டார்களாம். ஆணி இல்லையேல் ஓட்டையும் இல்லை என்பது அவர்கள் முடிவு. நாம் அவரை ஒரகடம் சாலையோரத்தில் கடை வைத்திருக்கும் மலையாள நாட்டுப் பெரியவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம்.

பெரியவர் ஆணியைத் தேடவே இல்லை. முதலில் வால்வின் மூடியைக் கழற்றி, விரலில் எச்சில் தொட்டு அதன் வாயில் வைத்தார். குமிழி எழவில்லை. ஆகவே உள்ளேயிருக்கும் பின் நன்றாக இருக்கிறது. பிறகு வால்வின் ரப்பர்த் தண்டை மெல்லச் சாய்த்து, அடியில் வெடிப்பு உண்டா என்று பார்த்தார்; நாட்பட்ட ரப்பர் அங்கேதான் முதலில் கீறிக்கொள்ளுமாம். அதிலும் குறையில்லை. பின்பு சக்கரத்தைக் கழற்றி, வழக்கத்துக்கு மேலாகவே காற்றை ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினார். அமிழ்த்தியவர் கையை எடுத்துக்கொண்டு பேசாமல் நின்றார்.

அந்த நிற்றல்தான் மற்ற இருவரிடமும் இல்லாதது. சக்கரத்தைத் தொட்டியில் விரைவாக உருட்டினால் மேலே ஒட்டிவந்த காற்றுத்தான் குமிழியாகும். சிறு கசிவு ஒரு குமிழியை உருவாக்கவே சில நிமிடங்கள் பிடிக்கும். கால் சுற்று திருப்புவார், காத்திருப்பார், மறுபடியும் கால் சுற்று. மூன்றாம் முறை, டயரின் ஓரம் ரிம்மோடு சேருமிடத்தில், கடுகளவு குமிழிகள் வரிசையாகத் தோன்றி, ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்தன. பெரியவர் அவ்விடத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார்.

டயரைப் பிரித்தபோது காரணம் வெளிச்சமாயிற்று. அலுமினியக் கலவையால் ஆன அந்த ரிம்மின் ஓரம் அரித்து, வெள்ளைப் பொடி பூத்திருந்தது. அப்பொடி டயரைச் செவ்வையாகப் படியவிடாமல் மயிரிழை இடைவெளியை உண்டாக்கியிருந்தது. இரும்பு ரிம்மில் துருவும், குழியில் அடிபட்டு நெளிந்த ரிம்மில் அந்த நெளிவும் இதையே செய்யும். கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் தேய்த்துத் துடைத்து, பசை தடவிச் சேர்த்தால் போதும். கூலி சில நூறு ரூபாய்தான்.

ஆனால் பெரியவர் டயரின் உட்புறத்தைத் தடவிவிட்டு விரலைக் காட்டினார். கரிய ரப்பர்த் தூள் ஒட்டியிருந்தது. பக்கச்சுவரின் உள்ளே சுற்றிலும் ஒரு வளையமாகத் தேய்மானம். "தம்பி, காற்றில்லாமல் ஓடி ஓடி உள்ளே அரைத்துவிட்டது. இதற்கு நான் காற்றடிக்க மாட்டேன்" என்றார். இளைஞர் கெஞ்சினார். புது டயரென்றால் ஒரு வாரச் சம்பளத்தை விழுங்கிவிடும். பெரியவர் அசையவில்லை. வண்டியில் யார் போகிறார்கள் என்று கேட்டார். பதிலைக் கேட்டபின் அந்த டயரைக் கடையின் பின்புறம் உருட்டிவிட்டார். அவருடைய பிடிவாதத்தை நாம் மனதாரப் பாராட்டினோம்.

அடுத்து ஸ்டெப்னியை எடுக்கச் சொன்னார். நம் மக்கள் நாவில் புரளும் இச்சொல் வேல்ஸ் நாட்டு லனெத்லி நகரத் தெரு ஒன்றின் பெயர். 1904-இல் உபரிச் சக்கரத்தை அங்கே செய்து விற்றார்கள். பிறந்த நாட்டார் மறந்த பெயரை நாம் காப்பாற்றி வருகிறோம், சக்கரத்தைத்தான் மறந்துவிடுகிறோம். இளைஞரின் ஸ்டெப்னியில் இருந்தது 14 பவுண்டு. அதையும் தொட்டியில் அமிழ்த்தி, அதே பொறுமையோடு பார்த்தார். குமிழி இல்லை, நெடுநாள் கவனிப்பாரற்றுக் கிடந்ததே அதன் குறை.

வளைகாப்புக்கு வந்த அன்பளிப்புப் பணத்திலிருந்து டயர் வாங்கச் சொன்னது அவர் மனைவிதானாம். புது டயரைப் பொருத்தி, ஒரு வாரம் நாள்தோறும் காலையில் அளந்து பார்த்தார். 33 அப்படியே நின்றது. அதற்குப் பிறகே விடியற்காலையில் புறப்பட்டார்கள். உச்சிவேளையில் தாய்வீடு சேர்ந்ததும் நமக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னார். சக்கரத்தையும் அளந்தாராம், 37 காட்டுகிறதே என்று கலங்கினார். ஓடிச் சூடேறிய டயர் அப்படித்தான் காட்டும், காற்றை இறக்கிவிடாதே, நாளைக் காலை அளந்து பார் என்றோம்.