என் பேரும் ஏறியது!

நான் பிறந்தது குளுவாங் வட்டாரத்தில் ஒரு கித்தாத் தோட்டத்தில். எனக்கு எட்டு வயது இருக்கும். சம்பளம் வாங்கி வந்த அம்மா, லயத்து வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். ஒரு நாள் முழுக்கப் பால்வெட்டியும் கிராணியின் செக்ரோலில் அன்று அம்மாவின் பெயர் ஏறவில்லை. அந்த நாள் சம்பளம் போனது போனதுதான்!

"மரத்துல உழைச்சா மட்டும் பத்தாது தாயி, புஸ்தகத்துல பேரு விழணும்" என்றார். முப்பது ஆண்டுகள் கழித்து, சிங்கப்பூரில்தான் அந்தச் சொல்லின் பொருள் எனக்கு முழுதாக விளங்கியது.

1998ல் எஸ்.பி.எம். தேறினேன். மேலே படிக்க வசதியில்லை. தொழிற்சாலை, திருமணம், ஒரு மகள் என்று காலம் ஓடியது. கணவர் தவறிய பின் அம்மாவையும் மகளையும் ஸ்கூடாயில் விட்டுவிட்டு, நாள்தோறும் பாலம் கடந்து சிங்கப்பூரில் காவலர் வேலை பார்த்தேன். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. திரும்பிப் போனால் வேலை போய்விடுமே என்ற பயத்தில் அங்கேயே தங்கிவிட்டேன். ஓர் அறையில் நான்கு பெண்கள். 12 மணி நேர வேலை முடிந்து வந்தால் மகளின் முகத்தைக் கைத்தொலைபேசியில்தான் பார்க்க முடியும்.

அந்தத் தனிமையில்தான் இணையப் படிப்பைப் பற்றி அறைத்தோழி ஒருத்தி சொன்னாள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பாடங்களை இலவசமாகவே படிக்கலாம்; சான்றிதழுக்கு மட்டும் பணம். நிர்வாகம் பற்றி மூன்று பாடங்கள் முடித்தேன். 200 வெள்ளிக்கு மேல் கட்டிச் சான்றிதழ்களும் வாங்கினேன். பட்டப்படிப்பில் மூன்று பாடம் குறைந்துவிட்டது என்று எனக்குள் ஒரே பூரிப்பு!

ஊரில் ஒரு கல்லூரிக்குத் தொலைபேசியில் பேசினேன். அதிகாரி மரியாதையாகத்தான் சொன்னார்: "அக்கா, நீங்க படிச்சது நல்லதுதான். ஆனா சான்றிதழ் வேற, கிரெடிட் வேற. இதை எங்களால கணக்குல எடுக்க முடியாது."

அன்றிரவு பணியிடத்தில் அம்மாவின் அழுத முகம்தான் கண்முன் நின்றது. நானும் உழைத்தேன், பேர் விழவில்லை!

பிறகுதான் விசாரிக்கத் தொடங்கினேன். மலேசியக் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரப் படிப்பு. பாடம் கேட்பது, வாசிப்பது, பயிற்சி செய்வது, தேர்வுக்குத் தயார் செய்வது எல்லாம் அதில் அடங்கும். பட்டத்திற்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். வெளியில் படித்ததை ஏற்கலாமா என்று முடிவு செய்யும்போது, பாடப்பொருள் ஒத்திருக்கிறதா, எத்தனை மணி நேரம், தேர்வு எப்படி நடந்தது என்றெல்லாம் பார்ப்பார்கள். சேரப்போகும் இடத்தில் முன்கூட்டியே கேட்காமல் பணம் கட்டியது என் தவறு.

வேலைக்குப் போவோருக்குக் கதவு அடைபட்டுவிடவும் இல்லை. மலேசியத் திறந்த பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டிலேயே அமைந்தது. பினாங்கில் வாவாசான் திறந்த பல்கலைக்கழகமும் இருக்கிறது. ஏப்பல் என்ற திட்டத்தில், 21 வயதைக் கடந்தவர்கள் தங்கள் வேலை அனுபவத்தைக் காட்டி, தேர்வும் எழுதிப் பட்டப்படிப்பில் சேர வழியுண்டு. அனுபவத்தை மதிப்பிட்டுச் சில பாடங்களுக்குக் கிரெடிட் தரும் முறையும் உண்டு.

அந்த வழியில்தான் 2021ல் சேர்ந்தேன். இருந்தது சிங்கப்பூரில், படித்தது மலேசியப் படிப்பு! மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 120 மணி நேரம். வாரம் எட்டு மணி வீதம் படித்தால் 15 வாரம். பேருந்தில் அரை மணி, துணி காயும்போது ஒரு மணி என்று சேர்த்தேன். முன்பு படித்த மூன்று பாடங்களும் வீண்போகவில்லை. நிர்வாகப் பாடம் வந்தபோது கைகொடுத்தன. ஆனால் கிரெடிட் மட்டும் புதிதாகத்தான் சம்பாதித்தேன்.

2022 ஏப்ரல் 1ஆம் நாள் எல்லை வழக்கம்போல் திறந்தது. வீட்டுக்கு வந்ததும் தேர்வு முடிவுத் தாளை அம்மாவிடம் நீட்டினேன். 21 கிரெடிட். அம்மாவுக்கு அந்த எழுத்துகள் தெரியாது. என் பெயர் இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சும்மா."

இன்று 84 ஆகிவிட்டது. இன்னும் 36 பாக்கி. மகளும் நானும் ஒரே மேசையில்தான் படிக்கிறோம்.

தூர தேசத்தில் உழைக்கும் சகோதர சகோதரிகளே, படிக்க ஆசை இருந்தால் படியுங்கள், வயதைப் பார்க்காதீர்கள். ஆனால் பணம் கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தப் படிப்புக்கு எம்.கியூ.ஏ. அங்கீகாரம் உண்டா? இதன் கிரெடிட்டை நான் சேரப்போகும் இடம் ஏற்குமா? பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நம் அம்மாக்கள் ஏமாந்தது போதும்!