கடிதம் வரும் வழி

நம் இளமைக் காலத்தில் நமது கடற்கரைச் சிற்றூருக்கெனத் தனி அஞ்சலகம் இருந்ததில்லை. ஊரில் பாதி வீடுகளின் ஆடவர் பினாங்கிலும் ஈப்போவிலும் கடை வைத்தோ, கடைகளில் கணக்கெழுதியோ பொருளீட்டி வந்தனர். அவர்கள் எழுதும் கடிதங்கள் நான்கு கல் தொலைவிலிருந்த சந்தையூர் அஞ்சலகத்தில் வந்து இறங்கும். வாரத்திற்கு இருமுறை பை சுமந்து வருபவர் அவற்றை ஊர்ப் பலசரக்குக் கடையொன்றில் கொடுத்துவிட்டுப் போவார். கடைக்காரருக்கு ஓய்வு கிடைத்தால் கடிதம் வீடு சேரும். கிடைக்காவிட்டால் புளிமூட்டையின் மேல் உறங்கும்.

அவ்வாறிருந்த நாட்களில் நம் சாச்சா பினாங்கில் மௌத்தானார். அச்செய்தியைத் தாங்கிய கடிதம், நம் ஊரின் பெயரையே கொண்ட வேறொரு மாவட்டத்து ஊருக்குச் சென்று, அங்கே ஆளில்லையெனத் திருப்பப்பட்டு, இறுதியில் அந்தக் கடையிலும் 11 நாட்கள் கிடந்து சாச்சியின் கைக்கு வந்தபோது, சாச்சா கண்மூடி 53 நாட்கள் ஆகியிருந்தன. இத்தாவின் நான்கு மாதம் பத்து நாட்களும் மௌத்தான நாளிலிருந்தே எண்ணப்படும் என்று ஊர் ஆலிம் விளக்கினார். ஆக, தாம் கைம்பெண் என்பதை அறியாமலேயே சாச்சி இத்தாவின் ஒரு பகுதியைக் கழித்திருந்தார். அந்நாட்களுக்குள் ஒரு கல்யாண வீட்டுக்கு மல்லிகை சூடிச் சென்று வந்ததை அவர் வாழ்நாள் முழுதும் சொல்லிச் சொல்லி வருந்தினார். அறியாமல் செய்தது குற்றமாகாது என்று ஆலிம் எத்தனை முறை எடுத்துரைத்தும் அம்மனம் ஆறவில்லை.

அதன் பின்னரே ஊர்ப் பெரியவர்கள் கூடி, அஞ்சலகம் வேண்டி அரசுக்கு ஒரு மகஜர் அனுப்புவதென முடிவு செய்தனர். கையெழுத்து அழகாயிருந்ததால் அதனைப் படியெடுக்கும் வேலை நமக்கு வாய்த்தது. நெடுங்காலம் கழித்து அமெரிக்க அஞ்சல் வரலாற்றைப் படிக்க நேர்ந்தபோது, ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் அந்நாட்டின் மேற்கெல்லையில் குடியேறியவர்கள் எழுதி எழுதிக் குவித்த மகஜர்களைப் பற்றிய பக்கங்களைக் கடந்து போக நம்மால் இயலவில்லை.

1848 இல் கலிஃபோர்னியாவில் பொன் கிடைத்தது. மறு ஆண்டு பல்லாயிரம் ஆடவர் மனைவி மக்களைக் கிழக்கே விட்டுவிட்டு அங்கே குவிந்தனர். அவர்களுக்கு வரும் கடிதம் நியூயார்க்கில் கப்பலேறி, பனாமாவில் இறங்கி, நிலத்தின் அவ்வொடுங்கிய இடுப்பைப் படகிலும் கோவேறு கழுதையிலும் கடந்து, மீண்டும் கப்பலேறி சான் பிரான்சிஸ்கோ சேர வேண்டும். கிழக்குப் பகுதிகளுக்குள் 300 மைலுக்கு மேற்பட்ட தொலைவுக்கே 10 சென்ட் கட்டணமாயிருந்த காலத்தில், அரை அவுன்சுக் கடிதத்திற்கு இக்குடியேறிகள் 40 சென்ட் இறுக்க வேண்டியிருந்தது. கட்டணமின்றி வீட்டுக்கு வந்து தரும் வழக்கம் பெருநகரங்களிலும் 1863 இல்தான் தொடங்கியது என்பதால், பெரும்பாலோர் அஞ்சலக வாசலில் நின்றே பெற வேண்டும். கப்பல் வந்தால் சான் பிரான்சிஸ்கோவில் இரவோடிரவாக வரிசை நீளும். வரிசையில் தாம் பிடித்த இடத்தை விலைக்கு விற்றுப் பிழைத்தவர்களும் இருந்தனர்! சுரங்க முகாம்களில் இருந்தவர்களோ அந்நகருக்கு வரவும் இயலாதவர்கள். அலெக்சாண்டர் டாட் என்பவர் அவர்களின் பெயர்களைப் பட்டியலிட்டு, நகருக்கு வந்து கடிதங்களைத் திரட்டிச் சென்று கொடுத்தார். ஒரு கடிதத்திற்கு அவர் பெற்ற கூலி ஓர் அவுன்சுப் பொன்துகள். கொடுத்தார்கள். பொன்னைத் தேடிச் சென்றவர்கள், தேடிய பொன்னைக் கடிதத்திற்குக் கொடுத்தார்கள்.

அந்நாட்டு அரசியற் சட்டம் அஞ்சலகங்களும் அஞ்சல் வழிகளும் அமைக்கும் அதிகாரத்தைக் காங்கிரஸ் சபைக்கே அளித்திருந்தது. ஆகவே எந்த ஊருக்கு வழி வேண்டுமானாலும் மகஜர் அங்கேதான் போக வேண்டும். வழி கிடைத்தபின் அஞ்சலகம் கேட்டால், அஞ்சல் துறை ஒரு படிவத்தை அனுப்பும். அண்மை ஆறு எது, அடுத்த அஞ்சலகம் எத்தனை மைல், பயன்பெறுவோர் எத்தனை பேர் என்றெல்லாம் அதில் கட்டங்கள் இருக்கும். ஊரின் பெயரும் அதே மாநிலத்து வேறோர் அஞ்சலகத்தின் பெயராக இருத்தல் கூடாது. இவ்விதியைப் படித்தபோது நம் சாச்சியின் கடிதம் அலைந்த அலைச்சல் நினைவுக்கு வராமல் இருக்குமா? அமெரிக்காவின் எத்தனையோ சிற்றூர்கள் இன்று தாங்கியிருக்கும் பெயர், அஞ்சல் துறை முதற்பெயரை மறுத்தபின் அவசரத்தில் எழுதி அனுப்பிய மறுபெயரே.

1856 இல் கலிஃபோர்னியர் 75,000 பேர் கையெழுத்திட்டு, கண்டத்தின் குறுக்கே வண்டிப்பாதை வேண்டும் என்று காங்கிரசுக்கு மகஜர் அளித்தனர். மறு ஆண்டே தரைவழி அஞ்சலுக்குச் சட்டம் பிறந்தது. ஜான் பட்டர்ஃபீல்டு குழுவினர் ஆண்டுக்கு 6,00,000 டாலருக்கு ஒப்பந்தம் பெற்றனர். வாரத்திற்கு இருமுறை, 25 நாட்களுக்குள் கொண்டு சேர்க்க வேண்டும் என்பது நிபந்தனை. 1858 செப்டம்பர் 16 இல் மேற்கு நோக்கிப் புறப்பட்ட முதல் அஞ்சல் அக்டோபர் 10 இல் சான் பிரான்சிஸ்கோ சேர்ந்தது. ஆனால் வழி நேர்வழியன்று. டெக்சாஸ், அரிசோனா எனத் தெற்கே வளைந்து ஏறக்குறைய 2,800 மைல் சுற்றியது. அப்போதைய அஞ்சல் தலைவர் தென்னாட்டவர் என்பதை வடபகுதியார் சுட்டிக்காட்டிக் குமுறினர். அஞ்சல் வழியிலும் அரசியல் புகாமல் இருந்ததுண்டா!

நம் வாசகர்கள் அறியத்தக்க செய்தி ஒன்று. பாதை வேண்டும் என்ற கூக்குரல் ஓங்கிய அந்நாட்களில், 1857 இல் எட்வர்டு பீல் என்பார் மேற்கே ஒரு வண்டிப்பாதையை அளக்கச் சென்றபோது ஒட்டகங்களையும் உடன் கொண்டு சென்றார். அவ்வொட்டகப் படைக்கென உஸ்மானியப் பேரரசிலிருந்து வந்த ஒட்டகக்காரர்களுள் ஹாஜி அலி என்பவரும் ஒருவர். அமெரிக்கர் நாவில் அப்பெயர் 'ஹை ஜாலி' ஆயிற்று. 1902 இல் மறைந்த அவருடைய கல்லறை அரிசோனாவின் குவார்ட்சைட்டில் இருக்கிறது. கூம்பிய கற்கட்டடம், உச்சியில் ஓர் ஒட்டக உருவம்.

இவ்வழிகள் எவருடைய மண்ணின்மேல் சென்றன என்பதையும் சொல்லாமல் விடலாகாது. பட்டர்ஃபீல்டு வண்டிகள் அப்பாச்சி மக்களின் நீரூற்றுகளை ஒட்டியே நிலையங்கள் அமைத்துக்கொண்டன. குடியேறிகளின் மகஜர்கள் பயணத்துக்கு இடையூறாக மட்டுமே அம்மக்களைக் குறித்தன. கடிதத்திற்காக ஏங்கிய நெஞ்சங்கள்பால் நமக்குள்ள பரிவு இதனை மறக்கச் செய்யக்கூடாது.

பனிமூடிய சியரா நெவாடா மலையில் குளிர்காலத்தில் அஞ்சல் நின்றுவிடும். அங்கே நார்வேயில் பிறந்த ஜான் தாம்சன் என்ற உழவர், 1856 முதல் இருபது குளிர்காலங்கள், தாமே செதுக்கிய நீண்ட மரச் சறுக்குக் கட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு 90 மைல் மலைவழியே அஞ்சல் மூட்டையைச் சுமந்தார். கிழக்கே செல்ல மூன்று நாட்கள், திரும்ப இரண்டு நாட்கள். தமக்குரிய ஊதியம் வேண்டி 1872 இல் வாஷிங்டன் வரை சென்று வந்தார். ஒன்றும் கிடைக்காமலேயே 1876 இல் இறந்தார்.

அவருக்கு மறுக்கப்பட்ட பணம் வேறு கைகளுக்கு எளிதில் போயிற்று. 1845 ஆம் ஆண்டுச் சட்டப்படி, விரைவு, உறுதி, பாதுகாப்பு ஆகிய மூன்றுக்கும் வாக்களித்துக் குறைந்த தொகை கேட்பவருக்கே வழி ஒப்பந்தம் தர வேண்டும். இம்மூன்று சொற்களையும் எழுதி அலுத்த எழுத்தர்கள் மூன்று நட்சத்திரங்களை இட்டனர். 'நட்சத்திர வழி' என்ற பெயர் அவ்வாறு வந்தது. மேற்கில் சில ஒப்பந்தக்காரர்கள் முதலில் சிறு தொகைக்கு வழியைப் பெற்று, பிறகு அஞ்சல் அடிக்கடி வேண்டும், விரைவாக வேண்டும் என்று குடியேறிகளின் பெயரால் மகஜர்களைத் திரட்டி, அவற்றைக் காட்டித் தொகையைப் பன்மடங்காக்கினர். ஆள் நடமாட்டமில்லாத வழிகளுக்கும் பணம் கொட்டியது. 1882, 1883 ஆண்டுகளில் வழக்கு நடந்தது. அஞ்சல் துறையின் முன்னாள் உயர் அலுவலரும் முன்னாள் செனட்டரும் குற்றவாளிக் கூண்டில் நின்றனர், விடுதலையும் ஆயினர். உண்மையாக ஏங்கியவனின் கையெழுத்தும் கூலிக்கு வாங்கிய கையெழுத்தும் தாளில் ஒன்றுபோலவே இருந்தன என்பதே நம்மை வருத்துவது.

1901 இல் அந்நாட்டில் 76,945 அஞ்சலகங்கள் இருந்தன. அதுவே உச்சம். 1896 இல் தொடங்கிய, நாட்டுப்புற வீடுகளுக்கே கடிதம் கொண்டுவரும் முறை பரவப் பரவ, மளிகைக் கடை மூலைகளில் இயங்கிய சிற்றஞ்சலகங்கள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டன. முன்னர் அஞ்சலகம் வேண்டி எழுதிய ஊர்கள், அதனை மூடாதீர்கள் என்று மீண்டும் எழுதின.

நம் ஊர் மகஜருக்கு மறுமொழியாகவும் ஒரு படிவமே வந்தது. வீடுகள் எத்தனை, கடிதங்கள் எத்தனை, அடுத்த அஞ்சலகம் எவ்வளவு தொலைவு என்று கேட்டிருந்தது. மூன்றாம் ஆண்டில் கிளை அஞ்சலகமும் வந்துவிட்டது. ஆனால் படிவம் நிரப்பிய அந்த மாலைதான் மறக்கவில்லை. நம் வீட்டுத் திண்ணையில் பெரியவர்கள் அமர்ந்திருந்தனர். கடைசியில் 'வேறு காரணங்கள்' என்றொரு கட்டம். சாச்சியின் கடிதம் பட்ட பாட்டை எழுதிவிட்டால் அரசு இரங்கும் என்று ஒருவர் சொன்னார். நம்மை உள்ளே அனுப்பிக் கேட்டுவரச் சொன்னார்கள். வெள்ளைத் துப்பட்டிக்குள்ளிருந்து சாச்சி, "வேணாம் வாப்பா. சர்க்காரு கேட்டதை மட்டும் எழுது" என்றார்.

நாம் திரும்பி வந்து, வாரத்திற்கு ஏறக்குறைய 60 கடிதங்கள் என்று எழுதி, அந்தக் கடைசிக் கட்டத்தில் ஒரு கோடிட்டோம்.